வகுப்பறையும் தொற்றுநோயும்



அபாயம் நிறைந்த தொழில்கள் யாவை என்று உங்களைக் கேட்டால், தயக்கமின்றிச் சிலவற்றைக் கூறுவீர்கள். சுரங்கத்தில் இறங்குகிறவர், கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர், மின்கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கிறவர், தீயணைக்கும் படையினர் என்று உங்கள் பட்டியல் நீளும். அந்த வரிசையில் பள்ளி ஆசிரியரை ஒருவரும் சேர்க்க மாட்டீர்கள். கையில் ஒரு சுண்ணக்கட்டி, மேசைமேல் ஒரு புத்தகம், தலைக்கு மேல் ஒரு கூரை. இதில் அபாயம் எங்கிருந்து வந்தது என்றே எண்ணுவீர்கள். நானும் ஆசிரியப் பணியில் அடியெடுத்து வைத்தபோது அப்படித்தான் எண்ணினேன். முப்பத்துநான்கு ஆண்டுகள் அப்பணியில் இருந்து ஓய்வு பெற்றபின் இன்று அவ்வாறு எண்ணவில்லை.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் நாள்தோறும் ஐந்து வகுப்புகளுக்குச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வகுப்புக்கு நாற்பது மாணவர் எனில், அவர் எதிரே அமர்பவர் இருநூறு பேர். இருநூறு மாணவர் என்றால் ஏறத்தாழ இருநூறு இல்லங்கள். இல்லம் ஒன்றுக்கு ஐவர் எனக் கொண்டால், ஆயிரம் பேரிடையே உலவும் சளியும் காய்ச்சலும் அந்த ஓர் ஆசிரியரைத் தேடி வருகின்றன. மருத்துவரும் நோயாளிகளைப் பார்க்கிறார் என்பது உண்மையே. ஆனால் தம் முன் அமர்ந்திருப்பவர் நோயாளி என்பதை அவர் அறிவார், முகக்கவசம் அணிகிறார், கை கழுவுகிறார். ஆசிரியருக்கோ, இருநூறு பேரில் நோய்க் கிருமியைச் சுமந்து வந்தவர் எவர் என்பது தெரிவதில்லை. பெரும்பாலும் அந்த மாணவருக்கே அது தெரிவதில்லை.

இதை நான் நூலில் படித்து அறிந்துகொள்ளவில்லை, பட்டு அறிந்தேன். அந்த வரலாற்றை முதலில் கூறிவிடுகிறேன். அதில் குற்றம் என்னுடையதே என்பதையும் முன்னதாகவே ஒப்புக்கொள்கிறேன்.

1983-ஆம் ஆண்டு. தஞ்சை மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியன். வயது இருபத்தேழு. இளமைக்குரிய ஊக்கத்தில் நான் ஒரு பரிசுத் திட்டத்தை ஏற்படுத்தினேன். ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத மாணவனுக்கு ஓர் ஊற்றுப்பேனா. வருகைப் பதிவேட்டில் இடைவெளியின்றி வரிசையாக அடையாளங்கள் நிற்பதைக் காண எனக்கு மிக்க மகிழ்ச்சி. மாசி மாதம் வந்தது. பொதுத் தேர்வுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. போட்டியில் இரண்டு மாணவர்களே எஞ்சியிருந்தனர்.

ஒரு திங்கட்கிழமை அவ்விருவரில் ஒருவன் கழுத்துப் பித்தான்வரை சட்டையை இறுக்கி மாட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் அமர்ந்தான். முகம் வாடியிருந்தது. "உடம்புக்கு என்னப்பா?" என்று கேட்டேன். "ஒன்றுமில்லை சார்" என்றான். நானும் பாடத்தைத் தொடர்ந்தேன். பிற்பகலில் அவன் எழுதுவதற்குக் குனிந்தபோது, கழுத்தின் பின்புறத்தில் நீர் கோத்த சிறு கொப்புளங்கள் தெரிந்தன. சின்னம்மை. வீட்டுக்கு அனுப்பினேன். அவன் அழுதுகொண்டே சென்றான். நோயின் துன்பத்தால் அவன் அழவில்லை. பேனா போயிற்றே என்று அழுதான்.

சரியாக இரண்டு வாரம் கழித்து என் வகுப்பில் ஒன்பது இடங்கள் வெறுமையாயின. பதினைந்தாம் நாள் எனக்கும் காய்ச்சல் கண்டது. மறுநாள் முகமும் மார்பும் முத்து முத்தாகப் பொரிந்தன. சிறுவர்க்குச் சில நாள் தொல்லையாக வந்து போகும் அந்நோய் வளர்ந்தவர்களைக் கடுமையாக வாட்டும், நுரையீரலையும் தாக்கக்கூடும். வாசலில் வேப்பிலை செருகி, தனியறையில் பாய் விரித்து, மூன்று தண்ணீர் விடும்வரை நான் கிடந்தேன். என் மாணவர்கள் தேர்வுக்கு முந்திய மூன்று வாரங்கள் ஆசிரியரின்றித் தவித்தனர்.

இதனினும் பெரிய ஒன்றைப் பின்னரே உணர்ந்தேன். என் மனைவி அப்போது ஏழு மாதக் கருவுற்றிருந்தாள். அவளுக்கு இளமையில் அம்மை வந்ததில்லை. வளைகாப்பு முடிந்து, எனக்குக் காய்ச்சல் காண்பதற்குப் பத்து நாட்கள் முன்னதாகத்தான் தாய்வீடு சென்றிருந்தாள். கருவுற்ற பெண்ணுக்குச் சின்னம்மை வந்தால் தாயின் உயிருக்கே ஆபத்து நேரலாம். பேறுகாலத்தை ஒட்டி வந்தால் பிறக்கும் சேய்க்கும் பேராபத்து. ஓர் ஊற்றுப்பேனாவின் பொருட்டு நான் எதைப் பணயம் வைத்தேன் என்று எண்ணும்போது இன்றும் உள்ளம் நடுங்குகிறது.

இந்நிகழ்ச்சியை வைத்துக்கொண்டே, நோய் எவ்வாறு பரவுகிறது என்பதைப் பார்ப்போம்.

பள்ளியில் தொற்றுநோய் வருவதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது காற்று. இருமும்போதும் தும்மும்போதும் மட்டுமன்றி, பேசும்போதும் நம் வாயிலிருந்து நுண்ணிய நீர்த்துளிகள் வெளிப்படுகின்றன. பெரிய துளிகள் விரைவில் தரையில் வீழ்கின்றன. மிகச் சிறியவையோ, நீர் உலர்ந்து, தூசியினும் நுண்ணிய துகள்களாகி, காற்றில் நெடுநேரம் மிதக்கின்றன. இதனை 1930-களில் தெளிவாக எடுத்துக்காட்டியவர் வில்லியம் வெல்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர். காற்றிலுள்ள கிருமிகளைக் கொல்லும் புற ஊதாக்கதிர் விளக்குகளை அவர் பிலடெல்பியா வட்டாரப் பள்ளி வகுப்பறைகளின் மேற்பகுதியில் பொருத்தினார். 1941-இல் அங்கே தட்டம்மை பரவியபோது, விளக்குப் பொருத்திய வகுப்புகளில் நோய் கண்டவர் தொகை மற்ற வகுப்புகளைவிட மிகக் குறைவாக இருந்தது. நோய் வருவது காற்றின் வழி என்பதற்கு இது நல்ல சான்றாயிற்று.

தட்டம்மையின் ஆற்றல் வியப்பளிப்பது. நோயாளி அறையை விட்டுச் சென்றபின்னும் இரண்டு மணி நேரம்வரை அக்கிருமி காற்றில் உயிர்த்திருக்கும். 1974-இல் நியூயார்க் மாநிலத் தொடக்கப் பள்ளி ஒன்றில், இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடமிருந்து பதினான்கு வகுப்பறைகளைச் சேர்ந்த இருபத்தெட்டு மாணவர்க்கு அந்நோய் பரவியது. அவர்களிற் பலர் அச்சிறுமியோடு ஒரே அறையில் அமர்ந்தவர்களே அல்லர். கட்டடத்தின் காற்றுக் குழாய்களே நோயை அறைதோறும் கொண்டு சேர்த்தன.

இரண்டாவது வழி கை. 'மெட்ராஸ் ஐ' என்று நம் ஊரின் பெயரையே தாங்கி நிற்கும் கண்நோய் இதற்கு எடுத்துக்காட்டு. கண்ணைப் பார்த்தால் தொற்றிவிடும் என்று பலர் நம்புகின்றனர். இது தவறு. கண்ணைக் கசக்கிய கை குறிப்பேட்டைத் தொடுகிறது. அந்தக் குறிப்பேட்டைத் திருத்தும் ஆசிரியரின் கை, பின்னர் அவருடைய கண்ணைத் தொடுகிறது. பார்வைக்கு அதில் பங்கில்லை. நாற்பது குறிப்பேடுகளைத் திருத்தும் ஆசிரியர் நாற்பது பேரின் கைகளைத் தொட்டவர் ஆகிறார். சொறியும் படர்தாமரையும் தோலோடு தோல் பட்டும், துணி வழியாகவும் பரவுகின்றன. மூன்றாவது வழி நீரும் உணவும். குடற்காய்ச்சலும், ஒருவகை மஞ்சள் காமாலையும் இவ்வழியே வருவன. பள்ளித் தண்ணீர்த் தொட்டி தூய்மையாக இல்லாவிடில் ஆசிரியர், மாணவர் என்ற வேற்றுமை பாராமல் அவை எல்லோரையும் பற்றும்.

இனி, ஆசிரியருக்கு மட்டும் இந்த இடர் மிகுவது ஏன் என்று கேட்கலாம். காரணங்கள் நான்கு. அவர் சந்திக்கும் மாணவர் தொகை பெரிது. அவர்களோடு அடைத்த அறையில் கழிக்கும் நேரமும் நீண்டது. உரக்கப் பேசுவது அவர் தொழில். உரக்கப் பேசுகிறவர் ஆழ்ந்து மூச்சை இழுக்கிறார், துளிகளையும் மிகுதியாக வெளிவிடுகிறார். நான்காவது காரணமே மிக முக்கியமானது. பல நோய்களில், அறிகுறி வெளிப்படையாகத் தெரிவதற்கு முன்பே நோயாளி பிறருக்கு அதைப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். சின்னம்மையில், கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்று தொடங்குகிறது. கிருமி உடலுட் புகுந்து நோயாக வெளிப்படப் பத்து முதல் இருபத்தொரு நாட்கள் ஆகின்றன. பொன்னுக்கு வீங்கியிலும், தாடை வீங்குவதற்கு முன்பே தொற்று உண்டு. ஆகவே, என் வகுப்பில் அந்த மாணவன் திங்கட்கிழமை வராமல் இருந்திருந்தாலும் சிலருக்கு நோய் வந்தே இருக்கும். ஆனால் ஒன்பது பேருக்கும் எனக்கும் வந்திராமல் போயிருக்கலாம்.

நம் நாட்டுக்கே உரிய மற்றொரு காரணமும் உண்டு. குளிர்நாடுகளில், தடுப்பூசி வருவதற்கு முன், பெரும்பாலோர்க்குப் பத்து வயதுக்குள் சின்னம்மை வந்து போய்விடும். வெப்ப நாடுகளில் அப்படியன்று. வளர்ந்து ஆளாகும் வரை அந்நோயைக் காணாதவர் இங்கே பலர். அவர்களுள் ஒருவர் ஆசிரியராகி வகுப்பறைக்குள் நுழையும்போது, கவசமின்றிப் போர்க்களம் புகுந்தவர் ஆகிறார். புதிய ஆசிரியர் முதலாண்டு முழுவதும் சளியும் தும்மலுமாகத் திரிவதையும் நீங்கள் கண்டிருக்கலாம். சளிக்காய்ச்சலை உண்டாக்கும் வைரசுகள் இருநூறுக்கும் மேற்பட்டவை. ஒவ்வொன்றையும் சந்தித்துச் சந்தித்தே உடல் எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் சொல்லித்தராத பாடம் இது.

பெண் ஆசிரியர்களைப் பற்றித் தனியே ஒரு சொல் சொல்ல வேண்டும். ரூபெல்லா என்றொரு நோய் உண்டு. சிறுவர்க்கு மெல்லிய காய்ச்சலும் செந்தடிப்பும் தந்து மூன்று நாளில் மறைந்துவிடும். அதனால் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1941-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவியிலேயே கண்புரையோடு பல குழந்தைகள் தம்மிடம் வருவதைக் கண்டு வியந்தார். அவர்களின் அன்னையரை வினவியபோது, பெரும்பாலோர்க்குக் கருவுற்ற தொடக்க மாதங்களில் ரூபெல்லா வந்திருந்தது தெரிந்தது. ஒரு சிறுவனின் மூன்று நாள் காய்ச்சல், அவனுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியையின் வயிற்றிலுள்ள சிசுவின் கண்ணொளியைப் பறிக்கக்கூடும் என்றால், அதனைச் சிறு நோய் என்று எவ்வாறு சொல்வது? தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்குமான தடுப்பூசி பள்ளிகள்தோறும் போடப்பட்டது. அன்று கையை நீட்டிய மாணவர்கள் தங்களை மட்டும் காத்துக்கொள்ளவில்லை. தங்கள் ஆசிரியைகளையும் காத்தார்கள்.

நோய் மாணவரிடமிருந்து ஆசிரியருக்கே வரும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆசிரியரிடமிருந்து மாணவருக்கும் அது செல்லும். 1991-இல் என்னுடன் பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவர் இரண்டு மாதங்களுக்கு மேல் இருமிக்கொண்டிருந்தார். சுண்ணக்கட்டித் தூசி என்று சொல்லி மருந்துநீர் வாங்கிக் குடித்து வந்தார். உண்மையில் அவருக்கு ஐயம் இருந்தது, அச்சமும் இருந்தது. காசநோய் என்று தெரிந்தால் மாணவர் ஒதுக்குவர், பெற்றோர் முறையிடுவர், மகளின் திருமணம் தடைப்படும் என்று அஞ்சினார். இறுதியில் ஒருநாள் வகுப்பிலேயே இரத்தம் கக்கினார். சளிச் சோதனை செய்தபோது நோய் உறுதியாயிற்று. அவர் வகுப்பு மாணவர்கள் எல்லோரையும் பரிசோதித்தனர். ஒருவனுக்கு நோய் தொடங்கியிருந்தது. தமக்கு நோய் என்று கேட்டபோது கலங்காத அம்மனிதர், இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

அவர் திரும்பி வந்தபோது நாங்கள் நடந்துகொண்ட முறையும் பெருமைக்குரியதன்று. அவருடைய நாற்காலியை ஒருவர் மூலைக்குத் தள்ளினார். அவர் நீர் அருந்தும் குவளையைத் தனியே வைத்தோம். மாவட்டக் காசநோய் மருத்துவர் எங்களை அழைத்து விளக்கினார். காசநோய் காற்றின் வழியே பரவுவது, குவளையால் பரவுவதன்று. முறையான மருந்து தொடங்கிவிட்டால், பிறருக்குத் தொற்றும் தன்மை விரைவில் குறைந்துவிடுகிறது. மருத்துவர் பணிக்குத் திரும்பலாம் என்று சொன்னவரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நேற்றுவரை மருந்தின்றி இருமியவரே அஞ்சத்தக்கவர்.

இதில் நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று உண்டு. காசநோயாளியை ஊருக்கு வெளியே மருத்துவ விடுதியில் பல மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், 1956-இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. நெருக்கமான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளிற் சிலருக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தனர். சிலரை விடுதியில் வைத்துக் கொடுத்தனர். 1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவரும் விடுதியில் இருந்தவரைப் போலவே குணமடைந்தனர். வீட்டில் உடனிருந்த குடும்பத்தார்க்கு அதனால் நோய் மிகவும் இல்லை. உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே இச்சென்னை ஆய்வு மாற்றியது. நோயாளியை விலக்குவது காப்பு ஆகாது. காலத்தில் கண்டறிந்து மருந்து கொடுப்பதே காப்பு.

பெருங்கொள்ளை நோய்களிலும் பள்ளியின் பங்கு பெரிது. 1957 மே மாதத்தில், சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகம் வந்த கப்பல் ஒன்றின் வழியே புதுவகை இன்புளூயன்சா நம் நாட்டில் நுழைந்தது. அதே ஆண்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கோடையில் ஆங்காங்கே தலைகாட்டிய அந்நோய், விடுமுறை கழிந்து பள்ளிகள் திறந்தபின் பேரலையாக எழுந்தது. 2020 மார்ச்சில் கொரோனா காரணமாக மூடப்பட்ட நம் பள்ளிகளில், சிறுவர் வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளில்தான் மீண்டும் திறந்தன. பள்ளி மூடிக் கிடந்தால் நேரும் இழப்பை உங்கள் தலைமுறை நேரிற் கண்டது. ஆகவே, பள்ளியை மூடாமலே நோயைத் தடுப்பது எப்படி என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

விடை எளிது, ஆனால் நாள்தோறும் செய்ய வேண்டியது. முதலாவது, சாளரங்களைத் திறந்து வையுங்கள். எதிரெதிர்ச் சாளரங்கள் திறந்திருந்தால் மிதக்கும் துகள்கள் வெளியேறிவிடும். மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சி அவற்றை அடைத்த அறையில் நாற்பது பேர் ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் இழுக்கின்றனர். இரண்டாவது, சோப்பிட்டுக் கைகழுவுங்கள். கழுவாத கையால் கண்ணையும் மூக்கையும் தொடாதீர்கள். மூன்றாவது, இருமலையும் தும்மலையும் கைக்குட்டையிலோ முழங்கை மடிப்பிலோ அடக்குங்கள். நான்காவது, தடுப்பூசி. சின்னம்மைக்கான ஊசியை 1974-இல் ஜப்பானிய மருத்துவர் மிச்சியாகி தகாஹாஷி உருவாக்கினார். நான் நோயுற்ற காலத்தில் அது நம் ஊரை எட்டவில்லை. ஆசிரியராக விரும்பும் கல்லூரி மாணவ மாணவியர், எந்தெந்த நோய்கள் தமக்கு வந்துள்ளன, எந்தெந்த ஊசிகள் போடப்பட்டுள்ளன என்பதை அன்னையரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, மருத்துவரின் அறிவுரையைப் பெறுவது நன்று. சில ஊசிகளைக் கருவுற்ற காலத்தில் போடலாகாது. ஆகவே முன்னதாகவே எண்ண வேண்டும்.

ஐந்தாவது, நோயுற்றால் வீட்டில் இருங்கள். சின்னம்மையில் எல்லாக் கொப்புளங்களும் பொருக்கு ஆகும்வரை. தட்டம்மையில் தடிப்புத் தோன்றி நான்கு நாள் கழியும்வரை. பொன்னுக்கு வீங்கியில் வீக்கம் தொடங்கி ஐந்து நாள் ஆகும்வரை பள்ளிக்கு வரலாகாது. நம் முன்னோர் வாசலில் வேப்பிலை செருகியதும், மூன்று தண்ணீர் விடும்வரை வெளிச்செல்லாதிருந்ததும் இதனையே செய்தன. வேப்பிலை கண்ட வீட்டுக்குள் அயலார் நுழையவில்லை. அவ்வீட்டார் அயல்வீடு செல்லவில்லை. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், ஆசிரியராயினும் மாணவராயினும் சளிச் சோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்குச் சோதனையும் மருந்தும் இலவசமாகவே கிடைக்கின்றன.

நான் நோய் தீர்ந்து பள்ளிக்குத் திரும்பிய முதல் நாள், அந்த மாணவன் என் மேசை அருகே வந்து நின்றான். "என்னாலதானே சார்?" என்றான். "இல்லையப்பா, என் பேனாவால்" என்றேன். அவனுக்கு விளங்கிற்றோ இல்லையோ, எனக்கு விளங்கிவிட்டது. அவ்வாண்டோடு அந்தப் பரிசை நிறுத்தினேன். அடுத்த ஆண்டு முதல் வேறொருவருக்கு ஊற்றுப்பேனா கொடுத்து வந்தேன். நோயுற்று வீட்டிலிருக்கும் தோழனுக்காக அன்றன்றைய பாடக்குறிப்புகளைத் தன் கையால் எடுத்தெழுதி வைக்கும் மாணவன் எவனோ, அவனுக்கு. நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பரிசு தொடர்ந்தது. பாடம் போய்விடுமே என்ற கவலையில் காய்ச்சலோடு எழுந்து வருகிறவர் தொகை என் வகுப்பில் குறைந்தது.